கரிசல் காட்டுக் கப்பல்கள்

மருந்து முக்காத தீக்குச்சியின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதை 1200-ஆல் பெருக்கினால் 2.4 மீட்டர் வரும். பழைய சரக்குக் கப்பலில் ஒரு தளத்துக்கும் அதற்கு மேலுள்ள தளத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்தான் இருக்கும். சிவகாசியில் பிறந்த நான் கடலைப் பார்ப்பதற்கு முன்பே கப்பல் கட்டத் தொடங்கியதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

1200-இல் ஒரு பங்கு என்பது நான் கண்டுபிடித்த அளவல்ல. ஓர் அங்குலத்துக்கு 100 அடி என்ற இந்தக் கணக்கில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் பாசெட்-லோக் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கப்பல்கள் செய்து விற்றது. ஜெர்மனியின் வைகிங் நிறுவனம் 1250-இல் ஒரு பங்காகச் செய்தது. போர் வந்ததும், தொலைவில் தெரியும் கப்பலின் சாயலைப் பார்த்து அது யாருடையது என்று மாலுமிகளும் விமானிகளும் கண்டுகொள்ள இந்தச் சின்னக் கப்பல்களை வைத்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள். தண்ணீருக்கு மேலே தெரிவதை மட்டும் கட்டுவது இதன் முறை. அடிப்பாகம் கிடையாது, மேசையில் வைத்தால் மேசையே கடல். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. அவர்களுக்கு அந்த அளவு அங்குலத்திலிருந்து கிடைத்தது, எனக்குத் தீக்குச்சியிலிருந்து கிடைத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் மரச்சீவல் குவிந்து கிடக்கும். அப்போதெல்லாம் தீப்பெட்டி அட்டையில் வரவில்லை. காகிதம்போல மெல்லியதாகச் சீவிய மரத்தை மடித்து, நீலத்தாள் சுற்றி ஒட்டுவார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சீவலையும் தாளையும் வாங்கி வந்து, வீட்டில் அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டி, குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுத்தால் கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. அம்மா ஒட்டினார், அக்காமார் ஒட்டினார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் ஒட்டினேன். மடிக்கும்போது விரிந்துபோன சீவலை ஆபீஸில் திரும்ப வாங்க மாட்டார்கள். அது அடுப்புக்குப் போகும். அடுப்புக்குப் போவதற்கு முன் என் கைக்கு வந்தது.

அந்தச் சீவலை ஏழெட்டு அடுக்காக, ஒன்றின் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் இருக்குமாறு ஒட்டி, இரண்டு கல்லுக்கு நடுவே இரவு முழுக்க அழுத்தி வைத்தால் மறுநாள் கப்பலின் உடல் தயார். பெட்டி ஒட்டும் பசை மைதாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கும். அதில் தண்ணீர் அதிகம், காயும்போது சீவலை முறுக்கிவிடும். குச்சிமுனை மருந்தில் சேர்க்கும் வஜ்ஜிரத்தில் துண்டு கிடைத்தால் அதைச் சூடாக உருக்கித் தடவுவேன், அது முறுக்காது. பிறகு அரை பிளேடால் முன்மூக்கைக் கூராக்கி, பின்பக்கத்தை உருட்டி, உப்புத்தாள் போட வேண்டும். மேலே தீக்குச்சியை வேண்டிய நீளத்துக்கு நறுக்கி நெருக்கி ஒட்டினால் ஒரு தளம். அதற்கு மேல் இன்னொரு வரிசை வைத்தால் அடுத்த தளம்.

புகைபோக்கிதான் சிரமம். 4 மீட்டர் விட்டமுள்ள புகைபோக்கி இந்த அளவில் மூன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. என் சித்தி பட்டாசு ஆபீஸில் குழாய் உருட்டுகிறவர். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றில் பசை தடவிய தாளைச் சுற்றி, உள்ளங்கையால் பலகையில் ஒரே ஓட்டமாக ஓட்டிக் கம்பியை உருவிவிடுவார். பிசிறில்லாமல், ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியாமல் குழாய் நிற்கும்.

"சித்தி, இன்னும் அரைச்சுத்து கூட வேணும்" என்பேன்.

"அரைச்சுத்தா? நில்லுய்யா, தாளை எச்சா எடுத்துக்கிடுதேன்" என்று மறுபடி உருட்டுவார்.

உலகத்தில் மிகச் சிறந்த கப்பல் மாதிரிகளைச் செய்கிறவர்களின் வேலையைப் பின்னாளில் படங்களில் பார்த்திருக்கிறேன். பித்தளைக் குழாயைக் கடைந்து செய்கிறார்கள். சித்தி உருட்டிய புகைபோக்கி அதற்கு ஒரு மாற்றும் குறைந்ததில்லை என்று இன்றும் சொல்வேன்.

நான் முதலில் கட்ட விரும்பியது ரஜூலாவை. விருதுநகர்த் தாத்தா பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதியவர், அந்தக் கப்பலில் போனவர், அதிலேயே திரும்பியவர். 1926-இல் கிளாஸ்கோவின் பார்க்லே கர்ல் தளத்தில் கட்டிய கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் சொத்து. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் ஜனங்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றி வந்தது.

"தாத்தா, கப்பல்ல எத்தனை மாடி?"

"மாடின்னு சொல்லப்படாது, தட்டு. நாங்க மேல்தட்டுல பாயை விரிச்சுப் படுப்போம். மழை வந்தா சுருட்டிக்கிட்டு கீழ ஓடணும்."

"புகைபோக்கி எப்படி இருக்கும்?"

"கறுப்பு. அதுல ரெண்டு வெள்ளைப் பட்டை. கரையில நின்னு பாக்கையில கப்பல் தெரியுமுன்ன அந்தப் பட்டைதான் தெரியும்."

அந்த இரண்டு பட்டைக்கும் காலண்டர் அச்சகத்தில் ஓரம் வெட்டிப்போட்ட ஆர்ட் பேப்பர் எடுத்தேன். கறுப்புக்கு அச்சு மை. சரக்குத் தூக்கும் டெரிக் கம்பங்களுக்கு எரிந்துபோன டியூப்லைட் சோக்கைப் பிரித்தால் வரும் செம்புக்கம்பி. கித்தான் போர்த்திய உயிர்காப்புப் படகு நிஜத்தில் 7 மீட்டர், 1200-இல் ஒரு பங்கில் ஆறு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்குப் பச்சரிசி ஒன்றே போதும், வண்டு வராமலிருக்க வார்னிஷ் பூசினால் சரி. ரஜூலா சுமார் 145 மீட்டர் நீளம். என் ரஜூலா 12 சென்டிமீட்டர், இரண்டு தீப்பெட்டியை நெடுக்கில் சேர்த்து வைத்தால் வரும் நீளத்தைவிடச் சற்று அதிகம்.

கையில் எல்லாப் பொருளும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், படம். பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று கிடைத்தால் போதும், எந்த இடத்தில் பாய்மரக் கம்பம், எந்த இடத்தில் சரக்கறை மூடி என்று அளந்துவிடலாம். அந்த ஒன்றுக்காக எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்! மலேயாவிலிருந்து திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் டிக்கெட் இருக்கும், மருத்துவச் சான்றிதழ் இருக்கும், கப்பலின் படம் இருக்காது. கடைசியில் தாத்தாவின் கூட்டாளி ஒருவர் வீட்டில், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் சென்னை ஏஜென்டான பின்னி கம்பெனி கொடுத்த ஒரு மடிப்புத்தாள் கிடைத்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோட்டுப்படம். டிவைடரால் அளந்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் நிஜக் கப்பலுக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. 1973-இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது, 1974-இல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். ரஜூலாவைப் பல கோணங்களில் எடுத்த படங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். கிளைடு நதிக்கரையில் கட்டிய கப்பல்களுக்குக் கட்டிய ஆண்டு, நீளம், அகலம், எஞ்சின், முடிவு எல்லாம் ஒரு நொடியில் வந்துவிடுகின்றன. சீவல்தான் இல்லை. தீப்பெட்டி முழுக்க அட்டைக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் பல இடங்களில் இயந்திரத்துக்குப் போய்விட்டன. படத்துக்காக நான் அலைந்த அதே வட்டாரத்தில் இப்போது சீவலுக்காக அலைகிறேன். மூடிக் கிடக்கும் பழைய ஆபீஸின் பரணில் ஒரு கட்டு கிடக்கிறது என்று சொன்னால் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பஸ் ஏறுகிறேன்.

ஆனால் அந்தத் திண்ணைகள் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சீவல் அப்படிக் குவிந்து கிடந்ததற்குப் பின்னால் குழந்தைகளின் கைகள் இருந்தன. என் வகுப்பில் சேர்ந்து படித்தவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்று ஆபீஸ் பஸ்ஸில் ஏறினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது வந்திருக்க வேண்டிய காலத்தைவிட மிகவும் பிந்தி வந்த தீர்ப்பு. சித்தியின் விரல்களுக்கு இருந்த தேர்ச்சி சின்ன வயதிலிருந்து நாள் முழுக்க உருட்டி வந்தது. அந்தத் தேர்ச்சியை வணங்குகிறேன், அது வந்த வழியை அல்ல.

விற்பனைக்கு வருகிறேன். முதலில் விற்றது விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில். பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே திரண்டு வரும். தெரிந்தவரின் பொம்மைக் கடையில் ஓர் ஓரமாகக் காலண்டர் அட்டைக்கு நீலம் பூசி, அதன்மேல் நாலைந்து கப்பல்களை நிறுத்தினேன். விலை ஐந்து ரூபாய். வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள், "போர்க்கப்பல் இல்லையா?" என்பார்கள். பீரங்கி வேண்டும் அவர்களுக்கு. ஒரு பருப்பு வியாபாரி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஒரு குரோஸ் எடுத்தா என்ன விலைக்குத் தருவீக?"

"குரோஸா? ஒண்ணு கட்டவே நாளாகும் அண்ணாச்சி."

"அப்ப இதுல யாவாரம் எங்க இருக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் மண்ணில் எல்லாமே எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. தீப்பெட்டி குரோஸில் ஒட்டுகிறோம், 600 பெட்டி கொண்ட பண்டலாக விற்கிறோம். ஒரு பெட்டியின் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய்க்கு ஏறுவதற்கே 2021 டிசம்பர் வரை, 14 ஆண்டுகள் ஆயின. எண்ணிக்கை இல்லாத பொருளுக்கு விலை சொல்லும் பழக்கம் இங்கே கிடையாது. ஒற்றைக் கப்பலுக்கு என்ன விலை என்பதை நான் எந்தச் சந்தையிலும் கற்கவில்லை. அதைக் கற்றுத்தந்தவர்கள் மாலுமிகள்.

டைட்டானிக் படம் வந்த பிறகு சில ஆண்டுகள் எல்லோரும் டைட்டானிக்தான் கேட்டார்கள். மொரீஷியஸ் தீவில் பாய்மரக் கப்பல் மாதிரிகளை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். அறுபதுகளின் இறுதியில் தொடங்கி, கியூர்ப்பிப், குட்லண்ட்ஸ் ஊர்களில் பட்டறை பட்டறையாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அவர்களுடைய கைவேலை அருமையானது. ஆனாலும் பீரங்கி வரிசையும் பாய்களும் உள்ள கப்பல் என்றால் உலகமெங்கும் செய்ய ஆளுண்டு, வாங்கவும் ஆளுண்டு. மிளகாய் வற்றலும் அரிசியும் சிமென்டும் கூலிக்குப் போகும் மனிதர்களும் ஏறிப்போன கப்பலை யார் செய்வார்கள்? அந்தக் கேள்விதான் என்னை இதில் நிறுத்தியது. வரவேற்பறையில் வைப்பதற்கு அழகு போதாது என்று சொல்லப்படுகிற அந்தக் கப்பல்களில்தான் நம் சரித்திரம் போய்வந்திருக்கிறது.

இந்தக் கரையில் அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே நின்றது ரஜூலாவின் முதலாளியாகப் பின்னாளில் இருந்த அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. 1907-இல் சுதேசிக் கம்பெனிக்கு கேலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. இரண்டும் பயணிகளும் சரக்கும் ஏற்றுகிற கப்பல்கள், பீரங்கி ஒன்றுகூட இல்லாதவை. ஆனால் அவற்றைப் பார்த்து அரசாங்கம் மிரண்டது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இதைச் சொன்னால் இன்றைய வாடிக்கையாளர்கள் உடனே கேட்கிறார்கள்: "அப்ப கேலியாவைச் செஞ்சு குடுங்க. 2022-இல அவருக்கு நூற்றைம்பதாவது பிறந்தநாள் வந்துச்சே, எவ்வளவு வித்திருக்கும்!" குடியரசு தின அணிவகுப்பு ஊர்தியிலேயே அவருடைய கப்பல் அந்த ஆண்டு சென்னைக் கடற்கரைச் சாலையில் போனது. நான் செய்யவில்லை. அளவோடு கூடிய வரைபடம் என் கையில் இல்லை. ஏதோ ஓர் ஆவிக்கப்பலைக் கட்டி கேலியா என்று எழுதிவைத்தால் வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் நாற்பதாயிரம் பங்குகளாகப் பிரித்து ஜனங்களிடம் பணம் திரட்டி வாங்கிய கப்பலுக்குப் பொய்யான உருவம் கொடுக்க என் கை வராது.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் ஊழியர்கள். சீஃப் இன்ஜினியர், போசன், சமையல்காரர் என்று எல்லாரும் உண்டு. அவர்கள் கேட்பது தங்கள் கப்பலை. ஷிப்பிங் கார்ப்பரேஷனின் விஷ்வ என்று தொடங்கும் கப்பல்கள், சிந்தியா கம்பெனியின் ஜல என்று தொடங்கும் கப்பல்கள். 1948 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் நேரு கடலில் இறக்கிய ஜல உஷா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருவர் சொல்வார்: மூன்றாம் சரக்கறைக்கு மேலே இருந்த டெரிக்கை எங்கள் காலத்தில் மாற்றிவிட்டார்கள், அதைப் பழையபடி வைக்காதீர்கள். இன்னொருவர் தன் அறையின் வட்டச் சன்னல் எது என்று பென்சிலால் காட்டுவார். அந்தச் சன்னல் என் கப்பலில் ஊசிமுனைப் புள்ளி. அந்தப் புள்ளியை அவர்கள் விரல் வைத்து மற்றவர்களுக்குக் காட்டுவதைப் பார்த்த பிறகு அதை ஒரு மயிரிழைகூடத் தள்ளி வைக்க எனக்குத் துணிவு வருவதில்லை.

அவர்கள் வேலைபார்த்த கப்பல்களில் பல குஜராத்தின் அலங் கரையில் முடிந்தவை. 1983 பிப்ரவரியில் கோட்டா டென்ஜோங் என்ற கப்பலோடு தொடங்கிய உடைப்புத் தொழில் அங்கே. ரஜூலாவுக்குப் பின் சென்னை–சிங்கப்பூர்ப் பாதையில் ஓடிய சிதம்பரம் கப்பல், பிரான்சில் பாஸ்ட்டர் என்ற பெயரில் 1966-இல் பிறந்தது, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிர்கள் போயின. கப்பலும் பிறகு பயணம் போகவில்லை. தீ என்ற சொல்லோடு வாழ்கிற எங்கள் ஊரில் அந்தச் செய்தி படித்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிதம்பரத்தைக் கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் விலை பேசுவதில்லை.

விலை என்றால், இப்போது ஆயிரங்களில் சொல்கிறேன். ஒரு கப்பலுக்கு மாதத்துக்கு மேல் ஆகிறது. கண் தெளிவாக இருக்கும் காலைநேரத்தில்தான் டெரிக் கம்பிகளை ஒட்ட முடியும். குரோஸ் கூலிக் கணக்கில் பார்த்தாலும் நான் கேட்பது அதிகமில்லை.

அண்ணன் பேத்தி கணினியில் வரைந்து பிசினில் அச்சிடும் இயந்திரம் வைத்திருக்கிறாள். காற்றுக்குழாய், நங்கூரச் சக்கரம், உயிர்காப்புப் படகு எல்லாம் நான் கனவிலும் செய்ய முடியாத நுணுக்கத்தில் அச்சாகி வருகின்றன. "முழுக்கப்பலையும் அடிச்சிரலாமே தாத்தா" என்கிறாள். காற்றுக்குழாய்களை அவளிடம் வாங்கிக்கொள்கிறேன், பச்சரிசியை விட்டுவிட்டேன். உடலையும் தளங்களையும் நான்தான் கட்டுகிறேன். தளத்துக்கு மேல் தளம் ஏற்றும்போதுதான் எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது, சமையலறையிலிருந்து சாப்பாட்டை எந்த வழியாகத் தூக்கிப்போனார்கள் என்பது புரிகிறது. கப்பலைத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியாது.

அவள்தான் ஒருநாள் கன்டெய்னர் கப்பல் கேட்டாள். எனக்கு அந்தக் கப்பல்களில் ஈடுபாடு இருந்ததில்லை. கம்பங்கள் இல்லை, டெரிக் இல்லை. 2025 ஜூனில் விழிஞ்ஞத்துக்கு வந்த எம்.எஸ்.சி. இரினா கிட்டத்தட்ட 400 மீட்டர், இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000-க்கும் மேல் ஏற்றும். 1200-இல் ஒரு பங்காகக் கட்டினாலே 33 சென்டிமீட்டர் வந்துவிடும். பெட்டிக்கு என்ன செய்வது என்று அளவைப் போட்டுப் பார்த்தேன். கன்டெய்னரின் அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். 1200-ஆல் வகுத்தால் இரண்டும் சுமார் 2 மில்லிமீட்டர். தீக்குச்சி! ஐந்து மில்லிமீட்டரில் நறுக்கினால் இருபதடிப் பெட்டி, பத்தில் நறுக்கினால் நாற்பதடிப் பெட்டி. ஒரு குச்சியில் நான்கு நாற்பதடிப் பெட்டிகள். முன்பு தளமாக நின்ற அதே குச்சி இப்போது சரக்கு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிகள் அப்படிப்பட்ட பெட்டிகளில் ஏறித்தான் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. அன்று முதல் நானும் பேத்தியும் குச்சி நறுக்கிச் சாயம் தோய்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு மட்டும் ஊரில் குச்சிக்குப் பஞ்சமில்லை.

அடுத்துக் கட்ட நினைப்பது ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1984 வரை ஓடிய ராமானுஜம். இலங்கைக்குப் போனவர்களும் அங்கிருந்து வந்தவர்களும் அதன் தளத்தில் நின்றிருக்கிறார்கள். பக்கவாட்டுப் படம் ஒன்று வேண்டும். அந்தக் கப்பலில் வேலைபார்த்தவர்களின் வீடுகளிலோ, துறைமுகத்தில் இருந்தவர்களின் வீடுகளிலோ பழைய பெட்டியைப் பிரிக்கும்போது மடிப்புத்தாளோ புகைப்படமோ தென்பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் அளந்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன்.